ரோமா இனப்படுகொலை: போருக்குப் பின் யாருக்குத் தண்டனை, யாருக்கு இழப்பீடு?

பொருநைக்கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் சட்டம் படிக்கிற பிள்ளைகள் சேர்ந்து ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறார்கள். வருகிற ஆகஸ்ட் 2 அன்று அங்கே நாற்பது நிமிடம் பேச ஒத்துக்கொண்டிருக்கிறேன். ஐரோப்பாவில் ஜிப்சி என்று அழைக்கப்பட்டவர்கள், நாஜிகள் கொன்ற ரோமா, சிந்தி மக்கள், இவர்களுக்குப் போர் முடிந்தபின் நீதி கிடைத்ததா என்பதுதான் பொருள். யூதர்களைப் பற்றித் தமிழில் படிக்கக் கொஞ்சமாவது இருக்கிறது. இவர்களைத் தேடினால் "ஐந்து லட்சம் பேர் செத்தார்கள்" என்கிற ஒரு வரியோடு எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள்.

நியூரம்பெர்க்கில் இவர்கள் வழக்கு வந்ததா? கொன்றவர்களில் யாராவது உள்ளே போனார்களா? இழப்பீட்டை ஜெர்மன் நீதிமன்றமே மறுத்தது என்கிறார்களே, எந்தச் சட்டப்படி மறுத்தது? நம் பக்கத்து ரேகைச் சட்டத்தோடு, அதாவது குற்றப் பரம்பரைச் சட்டத்தோடு, இதை ஒப்பிட்டுப் பேசலாமா, அல்லது அது இழுத்துக் கட்டுவதாக இருக்குமா? கடைசியாக, தமிழில் இவர்களை எப்படி எழுதுவது? ஜிப்சி என்றா, நரிக்குறவர் என்றா?

பிள்ளைகள் சட்டம் படிப்பவர்கள். தேதி, பிரிவு, தொகை எல்லாம் குறுக்கே கேட்பார்கள். அதனால் மேம்போக்காகச் சொல்லிவிட்டு வர முடியாது.

வண்ணாரப்பேட்டை வக்கீல்

டீச்சர், வழக்கு விஷயத்தை மட்டும் நான் சொல்லுதேன். இழப்பீட்டுக்கு சிந்துபூந்துறை அண்ணாச்சி வருவாங்க.

மொதல்ல "நியூரம்பெர்க்"னு ஒத்தையாச் சொல்லாதீங்க. 1945 நவம்பர்ல ஆரம்பிச்ச நாலு நாட்டு நீதிமன்றம் ஒண்ணு. அது முடிஞ்சபிறகு அதே ஊர்ல அமெரிக்கர்கள் மட்டும் நடத்துன 12 வழக்குகள் வேற. மொதல் வழக்கோட குற்றப்பத்திரிகைல "இனப்படுகொலை"ங்கிற சொல் வருது. யார் யாரைங்கிற இடத்துல யூதர், போலந்துக்காரர், ஜிப்சிகள்னு பேர் சொல்லியே போட்டிருக்காங்க. எழுதுனதோட சரி. அந்த வழக்குல ஒரு ரோமாகூட சாட்சிக் கூண்டுல ஏறல.

பிந்தின 12-ல ரெண்டை எடுத்துக்கிடுங்க. ஒண்ணு, நடமாடும் கொலைப் படைகள் மேல 1947 செப்டம்பர்ல தொடங்கி 1948 ஏப்ரல்ல முடிஞ்ச வழக்கு. அதுல ஓட்டோ ஓலெண்டார்ஃப் முக்கியமான ஆள். தெற்கு உக்ரைன், கிரிமியா பக்கம் போன படைக்குத் தலைவன். 1941 கடைசில கிரிமியாப் பக்கம் 800-க்கும் மேல ரோமாக்களைச் சுட்டதை அவங்க அறிக்கையே சொல்லுது. ஏன் கொன்னீங்கன்னு கேட்டதுக்கு, யூதருக்கும் இவங்களுக்கும் வித்தியாசம் பார்க்கல, ரெண்டு பேரும் பாதுகாப்புக்கு ஆபத்துன்னான். ஆதாரம் கேட்டா, முப்பதாண்டுப் போர்ல ஜிப்சிகள் ஒற்று வேலை பார்த்ததா வரலாறு இருக்குன்னான். அந்தப் போர் நடந்தது 1618 முதல் 1648 வரை. முன்னூறு வருஷத்துக்கு முந்தின கதையைச் சொல்லிக் கைக்குழந்தையைச் சுட்டதை நியாயப்படுத்துனான், பாத்துக்கிடுங்க. 1951 ஜூன் 7 அன்னைக்கு லாண்ட்ஸ்பெர்க் சிறையில தூக்குல போட்டாங்க. ரோமாக்களைக் கொன்னதும் சேர்ந்த குற்றத்துக்காகத் தூக்கு ஏறின வெகு சில பேர்ல இவன் ஒருத்தன்.

இன்னொண்ணு மருத்துவர்கள் வழக்கு. 1944-ல டாகாவ் முகாம்ல கடல் தண்ணியைக் குடிக்கிற மாதிரி மாத்த முடியுமான்னு ஒரு சோதனை நடத்துனாங்க. கடல்ல விழுந்த விமானிகளுக்கு உதவுமாம். 44 ரோமா, சின்ட்டி ஆம்பிளைகளைப் பிடிச்சு, கூட்டங் கூட்டமாப் பிரிச்சு, சிலருக்குத் தண்ணியே கொடுக்கல, சிலருக்கு வெறும் கடல் தண்ணி, சிலருக்கு மருந்து கலந்து உப்புச் சுவையை மறைச்ச தண்ணி. தாகம் தாங்காம, துடைச்சு விட்ட தரையில நின்ன ஈரத்தை நக்குனாங்கன்னு சாட்சியம் இருக்கு. அதை நடத்துனவர் வியன்னாக்கார டாக்டர் வில்ஹெல்ம் பைக்ல்பெக். 

1947 ஜூன் 27 அன்னைக்குக் கார்ல் ஹெல்லென்ரைனர்ங்கிற சின்ட்டி சாட்சி சொல்ல வந்தார். குற்றவாளிகள்ல அந்த டாக்டர் யாருன்னு அடையாளம் காட்டச் சொன்னாங்க. பக்கத்துல போனவர் அப்படியே பைக்ல்பெக் மேல பாய்ஞ்சுட்டார். நீதிமன்ற அவமதிப்புன்னு அங்கேயே 90 நாள் ஜெயில். பைக்ல்பெக்குக்கு 15 வருஷம் விதிச்சு, பிறகு 10 ஆக்கி, 1951-ல வெளிய விட்டாங்க. பிள்ளைங்ககிட்ட இதை மட்டும் நிதானமாச் சொல்லுங்க. அவமதிப்புச் சட்டம் அவங்களுக்குப் பாடத்துல இருக்கும்.

இனி ஜெர்மன் நீதிமன்றங்கள். அங்க ஏன் யாரும் மாட்டலங்கிறதுக்குச் சட்டக் காரணம் இருக்கு. இனப்படுகொலைன்னு ஒரு குற்றப் பிரிவை மேற்கு ஜெர்மனி 1954-ல தான் கொண்டுவந்துச்சு. முன்தேதியிட்டு அது செல்லாது. அதனால ஒவ்வொருத்தனையும் சாதாரணக் கொலைப் பிரிவுல தான் இழுக்கணும். அதுக்கு இன்ன நாள், இன்ன ஆளை, இன்ன கெட்ட நோக்கத்தோடன்னு நிரூபிக்கணும். கொலைங்கிற அளவுக்கு வராத மரணங்களுக்குக் காலவரம்பு 1960-லயே முடிஞ்சு போச்சு. 1968-ல இன்னொரு சட்டத் திருத்தம். தலைப்பு பார்த்தா ஒண்ணும் தெரியாது, சில்லறை நடைமுறைச் சட்டம் மாதிரி இருக்கும். ஆனா அதோட விளைவா, கெட்ட நோக்கம் தனக்கே இருந்ததா நிரூபிக்கப்படாத உடந்தையாளர்கள் மேல இருந்த வழக்குகள் காலாவதியாச்சு. மேசையில உக்காந்து பட்டியல் போட்டவன் எல்லாம் உடந்தைதானே? கூண்டோட தப்பிச்சான். கொலைக்கான காலவரம்பை முழுசா எடுத்தது 1979-ல.

மிஞ்சுனது ஒரே ஒரு பெரிய வழக்கு. போலந்துல நாஜிகள் வச்சிருந்த ஆஷ்விட்ஸ் வதைமுகாமோட ஜிப்சி முகாம்ல காவலனா இருந்த எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் கோனிக். சீகன் நகர நீதிமன்றத்துல 1987 முதல் விசாரணை. 1991 ஜனவரி 24 அன்னைக்கு ஆயுள் தண்டனை. அவன் தன் கையால செஞ்ச கொலைகளுக்கு மட்டும்தான் அது. அதே வருஷம் சிறையில தற்கொலை பண்ணிக்கிட்டான். போர் முடிஞ்சு 46 வருஷம் ஆச்சு அந்த ஒரு தீர்ப்புக்கு.

யூதர்களை முகாம்களுக்கு ரயிலேத்தி அனுப்புன நாஜி அதிகாரி ஐக்மன் வழக்கைச் சொல்லலாமான்னு யாராவது கேட்டா: 1961 ஜெருசலேம் குற்றப்பத்திரிகைல ஜிப்சிகளைக் கடத்துனது தனிக் குற்றமா இருந்தது. கடத்துனது நிரூபணம், ஆனா சாவுக்குத்தான் அனுப்புறோம்னு அவனுக்குத் தெரியும்னு நிரூபிக்கலன்னு கோர்ட் சொல்லிருச்சு.

சிந்துபூந்துறை

வக்கீல் தம்பி சொன்னதில் ஒரு ஆள் விட்டுப்போச்சு: ராபர்ட் ரிட்டர். கொலைகாரனைவிட இந்த ஆளைப் பற்றி மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரிட்டர் ஒரு மனநல மருத்துவர். 1936 முதல் பெர்லினில் "இனச் சுகாதார ஆய்வு நிலையம்" நடத்தினார். அவரும் எஃபா யுஸ்டின் முதலான உதவியாளர்களும் வண்டி வண்டியாக, தெருத் தெருவாகப் போய்த் தலையை அளந்து, கண் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, பாட்டன் பூட்டன் வரை வம்சாவளி எழுதினார்கள். சுமார் 24,000 பேருக்கு "முழு ஜிப்சி", "கலப்பு ஜிப்சி" என்று சான்று எழுதிக் கொடுத்தார்கள். 1938 டிசம்பர் 8-ல் நாஜி போலீஸ் தலைவர் ஹிம்லர் போட்ட ஆணையும், 1942 டிசம்பர் 16-ல் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பச் சொன்ன ஆணையும் இந்தச் சான்றுகளை வைத்துத்தான் நடந்தன. யுஸ்டின் தன் முனைவர் பட்டத்துக்கு முல்ஃபிங்கன் என்ற ஊரில் கத்தோலிக்க விடுதியில் இருந்த சின்ட்டிப் பிள்ளைகளை ஆராய்ந்தார். ஆராய்ச்சி முடியும்வரை அந்தப் பிள்ளைகளை அங்கேயே விட்டுவைத்தார்கள். முடிந்தபின், 1944 மே 9-ல், 39 பேரை ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றினார்கள். திரும்பியது நாலு பேர்.

போருக்குப் பிறகு ரிட்டருக்கு ஃபிராங்ஃபர்ட் மாநகரச் சுகாதாரத் துறையில் வேலை. யுஸ்டினுக்கும் அங்கேயே. இருவர் மீதும் விசாரணை வந்தது. இரண்டையும் ஆதாரம் போதாது என்று மூடிவிட்டார்கள். ரிட்டர் 1951-லும் யுஸ்டின் 1966-லும் ஒரு நாள்கூட ஜெயிலைப் பார்க்காமல் செத்தார்கள்.

இப்போது இழப்பீடு. 1953-லும் 1956-லும் மேற்கு ஜெர்மனி இழப்பீட்டுச் சட்டம் போட்டது. இனம், மதம், அரசியல் கருத்து, இந்த மூன்றில் ஒன்றுக்காக நாஜி அரசு துன்புறுத்தியிருந்தால் மனுப் போடலாம். சிறைப்பட்ட ஒவ்வொரு முழு மாதத்துக்கும் 150 மார்க். உடல் கெட்டுப்போயிருந்தால் தனி உதவித்தொகை. ஆனால் உழைக்கும் சக்தியில் குறைந்தது 25 சதவீதம் இழந்ததாக அரசு மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

மனு எங்கே கவிழ்ந்தது என்பதை வரிசையாகப் பாருங்கள். மனுதாரர் முகாமில் இருந்ததற்குத் தாள் காட்ட வேண்டும். தாள் போலீசிடம் இருக்கிறது. அதிகாரி போலீசைக் கேட்கிறார். முனிக் நகரில் 1899-லேயே ஜிப்சிகளைக் கண்காணிக்கத் தனிப் போலீஸ் பிரிவு தொடங்கினார்கள். போருக்குப் பிறகு அதே பிரிவு "நாடோடிகள் பிரிவு" என்று பெயரை மாற்றிக்கொண்டு, பழைய அட்டைகளையும் ரிட்டரின் கோப்புகளையும் வைத்துக்கொண்டே நடந்தது. அங்கிருந்து வரும் பதிலில் "திருட்டு, ஊர்சுற்றல்" என்று இருக்கும். ஆக, இனத்துக்காக அல்ல, குற்றத்துக்காகப் பிடித்தார்கள் என்று முடிவு. மருத்துவரிடம் போனால், நோய் பிறவியிலேயே வந்தது, முகாமால் அல்ல என்பார். பலருடைய குடியுரிமையைப் போலீஸ் கேள்விக்குள்ளாக்கியதால் வசிப்பிட நிபந்தனையிலும் மாட்டிக்கொண்டார்கள். 1950 பிப்ரவரியிலேயே வூர்ட்டெம்பெர்க் உள்துறை, ஜிப்சிகள் பெரும்பாலும் இனக் காரணத்தால் துன்புறுத்தப்பட்டவர்கள் அல்ல, மனுக்களைப் போலீசுக்கு அனுப்பிக் கேளுங்கள் என்று இழப்பீட்டு அலுவலகங்களுக்குச் சுற்றறிக்கை விட்டது.

இதற்கு முத்திரை குத்தியது கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், 1956 ஜனவரி 7-ல். 1940 மே மாதம் சுமார் 2,500 ரோமா, சின்ட்டி மக்களைப் போலந்துக்குக் கடத்தினார்களே, அதற்கான இழப்பீட்டு வழக்கு. அது இனத் துன்புறுத்தல் அல்ல, பாதுகாப்பு நடவடிக்கை என்றார்கள். இவர்கள் இயல்பிலேயே திருட்டுக்கும் ஏமாற்றுக்கும் சாய்ந்தவர்கள், அடுத்தவர் உடைமையை மதிக்கும் ஒழுக்க உணர்வு இல்லாத ஆதி மனிதர்கள் போன்றவர்கள் என்ற கருத்தைத் தீர்ப்பிலேயே எழுதினார்கள். எழுதியவர்கள் போருக்குப் பிந்தைய ஜனநாயக மேற்கு ஜெர்மனியின் நீதிபதிகள். இனத் துன்புறுத்தல் 1943 மார்ச் 1-க்குப் பிறகுதான், அதாவது ஆஷ்விட்ஸுக்கு அனுப்பத் தொடங்கியபின்தான் என்பது முடிவு.

பணக் கணக்கு போட்டுக் காட்டினால் மாணவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஒருவர் 1940 மே முதல் 1945 ஏப்ரல் முடிய அடைபட்டிருந்தார் என்று வையுங்கள். 60 மாதம், 150 வீதம் 9,000 மார்க். 1956 தீர்ப்புப்படி எண்ணினால் 1943 மார்ச் முதல் 26 மாதம், 3,900 மார்க். 1943-க்கு முன்னாலேயே விடுபட்டவருக்கோ செத்தவரின் வாரிசுக்கோ பூஜ்யம்.

இதை எதிர்த்து எழுதியவர் ஃபிராங்ஃபர்ட் உயர் நீதிமன்ற நீதிபதி ஃபிரான்ஸ் கால்வெல்லி அடோர்னோ, 1961-ல், ஒரு சட்ட இதழில். 1963 டிசம்பர் 18-ல் உச்ச நீதிமன்றம் கொஞ்சம் இறங்கி வந்தது: 1938 டிசம்பர் ஆணையிலிருந்தே இனக் காரணமும் சேர்ந்திருக்கலாம் என்றது. 1965 திருத்தச் சட்டம், முன்பு தள்ளுபடியானவர்கள் மறுபடி மனுப் போட வழிவிட்டது. ஆனால் யாருக்கும் தேடிப் போய்ச் சொல்லவில்லை. பலர் அதற்குள் செத்துவிட்டார்கள். 1969 முடிவோடு கதவு மூடியது. 1981-ல் இழப்பீடு கிடைக்காமல் போனவர்களுக்கென்று 5,000 மார்க் ஒருமுறைத் தொகை வந்தது. 2015-ல் அதே உச்ச நீதிமன்றத்தின் தலைவர் பெட்டினா லிம்பெர்க், 1956 தீர்ப்பை நினைத்து வெட்கப்படத்தான் முடியும் என்றார்.

தென்காசித் தூறல்

ரேகைச் சட்டம் பற்றி நான் சொல்கிறேன் அக்கா. ஒப்பிடலாம், ஆனால் எதை எதோடு என்று சொல்லிவிட்டு ஒப்பிட வேண்டும்.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வடக்கே வந்தது. 1911 திருத்தத்தில்தான் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர், நெல்லை, ராமநாதபுரம் பக்கம் மறவர்களில் பல ஊர்க்காரர்கள், இன்னும் பல சாதிகள் பட்டியலில் ஏறினார்கள். ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், ராத்திரி ஸ்டேஷனில் ஆஜர் கொடுக்க வேண்டும், ஊர் தாண்டச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 பெருங்காமநல்லூர் துப்பாக்கிச் சூடு இதற்காகத்தான். சென்னை மாகாணத்தில் 1947-ல் ரத்து, நாடு முழுக்க 1952-ல்.

ஒற்றுமை இவ்வளவுதான்: பிறப்பை வைத்தே குற்றவாளி என்பது, பதிவேடு, நடமாட்டத் தடை. முனிக் போலீஸ் 1905-ல் 3,000 பேருக்கு மேல் பெயர், உருவ விவரம் போட்டு அச்சடித்து விநியோகித்த கையேடும், ஜிப்சிகளுக்கு எதிரான 1926 பவேரியச் சட்டமும் நம்முடைய சட்டத்துக்கு ஒன்றுவிட்ட தம்பிகள். கைரேகையை வகைப்படுத்தி அடுக்கும் அலுவலகமே 1897-ல் கல்கத்தாவில்தான் உலகத்திலேயே முதலில் வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே கொன்று தீர்க்கும் திட்டம் கிடையாது. அங்கே 1938-க்கு அப்புறம் அது வேறு பாதை. "நமக்கும் அதே கதிதான்" என்று மேடையில் சொன்னால் பின்வரிசைப் பையன் எழுந்து நிற்பான், அவன் கேட்பது நியாயமாகவும் இருக்கும்.

ஒப்பீடு நிஜமாகவே உதவும் இடம் வேறு. சட்டம் ரத்தான பிறகும் பதிவேடு சாகாது என்பதுதான் அது. 1956 நீதிபதிகள் நம்பியது நாஜிச் சட்டத்தை இல்லை, போலீஸ் அட்டையை. இங்கேயும் ரத்துக்குப் பிறகு பழைய பெயர் எத்தனை வருஷம் ஸ்டேஷன் ரெக்கார்டில் ஒட்டிக்கொண்டிருந்தது என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பொருநைக்கரை

இவ்வளவு வரும் என்று நினைக்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. சிந்துபூந்துறை அண்ணாச்சி, அந்த 9,000, 3,900 கணக்கை அப்படியே பலகையில் எழுதப் போகிறேன்.

இன்னும் இரண்டு. 1944 ஆகஸ்ட் 2 இரவு ஆஷ்விட்ஸ் ஜிப்சி முகாமில் கொல்லப்பட்டவர்கள் ஒரு இடத்தில் 2,897 என்றும் இன்னொரு இடத்தில் 4,000-க்கு மேல் என்றும் இருக்கிறது. எது சரி? தனி மனிதர்களின் பெயர்களை எப்படித் தேடுவது? பிள்ளைகள் செல்போனிலேயே தேடிப் பார்க்கட்டும் என்று யோசிக்கிறேன்.

கல்லிடைக்குறிச்சி

2,897 பழைய எண், அதை விட்டுவிடுங்கள். ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகத்தின் பிந்தைய ஆய்வுப்படி 1944 ஆகஸ்ட் 2-3 இரவில் 4,200 முதல் 4,300 பேர். முகாமுக்கு மொத்தமாகக் கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் 23,000, செத்தவர்கள் சுமார் 21,000. மொத்த ஐரோப்பாவுக்கும் "ஐந்து லட்சம்" என்று ஒரே அடியாகச் சொல்லாமல், ஆய்வாளர்கள் கணக்கு இரண்டு லட்சத்துக்கும் ஐந்து லட்சத்துக்கும் இடையே நிற்கிறது என்று சொல்லுங்கள். ஐரோப்பிய நாடாளுமன்றம் 2015-ல் ஆகஸ்ட் 2-ஐ நினைவு நாளாக ஏற்ற தீர்மானத்தில் ஐந்து லட்சம் என்கிறது. எண் ஏன் இவ்வளவு அகலம் என்றால், கிழக்கே காட்டோரத்தில் சுட்டவர்களுக்கு யாரும் பதிவு வைக்கவில்லை.

ஆஷ்விட்ஸுக்குப் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. அதற்குக் காரணம் ஒரு வாளி. ஜிப்சி முகாமின் பதிவேட்டில் எழுதிய போலந்துக் கைதி ததேயுஷ் யோவாஹிமோவ்ஸ்கியும் இன்னும் இரண்டு கைதிகளும், 1944 கோடையில் முகாமை முடிக்கப்போவது தெரிந்ததும், பெரிய பேரேடுகளைத் திருடித் துணியில் சுற்றி, தகர வாளியில் வைத்து, மண்ணில் புதைத்தார்கள். 1949 ஜனவரியில் தோண்டி எடுத்தபோது உள்ளே ஈரம் ஏறிச் சில பக்கங்கள் படிக்க முடியாமல் போயிருந்தன. மிஞ்சியதில் 10,849 பெண்கள், 10,094 ஆண்கள், ஆக 20,943 பேர். 1943 மார்ச்சில் பியாவிஸ்தோக்கிலிருந்து வந்த சுமார் 1,700 பேர் இதில் இல்லை. டைபஸ் காய்ச்சல் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு எண்கூடப் போடாமல் கொன்றுவிட்டார்கள். 

1944 மே 16-ல் ஜிப்சி முகாம்காரர்கள் காவலர்களை எதிர்த்து நின்ற கிளர்ச்சியைச் சொல்லப் போகிறீர்கள் என்றால் ஜாக்கிரதை. அது பெரும்பாலும் அந்த ஒரே எழுத்தரின் பிற்கால வாக்குமூலத்தில் நிற்கிறது. "சொல்லப்படுகிறது" என்று போட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் தேட: ஜெர்மனியில் பாட் அரோல்சன் ஊரிலுள்ள அரோல்சன் ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகத் திறந்திருக்கிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை. மாணவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இவை. குடும்பப் பெயரை மட்டும் போட்டால் நூற்றுக்கணக்கில் வரும். பிறந்த தேதியையும் சேர்த்துப் போட வேண்டும். எழுத்துக்கூட்டல் எழுதிய காவலனைப் பொறுத்து மாறும். இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஜிப்சி என்று தேடி அதில் வராதவர்கள் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. 1938 ஜூனில் "வேலைக்கு அஞ்சியவர்கள்" என்று சுமார் 10,000 பேரை முகாமில் தள்ளினார்கள். அதில் மாட்டிய ரோமா, சின்ட்டி ஆண்கள் உடையில் தைத்த கறுப்பு முக்கோணத்தோடு "சமூக விரோதிகள்" கணக்கில் இருக்கிறார்கள். அந்தக் கறுப்பு முக்கோணக்காரர்களையும் நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்களாக ஜெர்மன் நாடாளுமன்றம் ஏற்றது 2020 பிப்ரவரியில்! ஆஷ்விட்ஸ் பதிவில் எண்ணுக்கு முன்னால் ஜெர்மன் அகரவரிசையின் கடைசி எழுத்து இருந்தால், அதுதான் ஜிப்சிக் குறி. கையில் பச்சை குத்தியதும் அதுவே.

ஒரு படம் காட்டுங்கள், போதும். ரயில் பெட்டிக் கதவிடுக்கில் தலையில் துணி கட்டிய சிறுமி ஒருத்தி வெளியே பார்க்கிற காட்சி, எல்லோரும் எங்கேயாவது பார்த்திருப்பார்கள். நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாமில் 1944 மே 19-ல் படம்பிடித்தது. ஐம்பது வருஷம் அவளை யூதச் சிறுமி என்றே அச்சிட்டார்கள். 1994-ல் ஒரு டச்சுப் பத்திரிகையாளர் துப்புத் துலக்கிக் கண்டுபிடித்தார்: பெயர் ஸெட்டலா ஸ்டெய்ன்பாக், சின்ட்டிப் பெண். அன்றைய ரயிலில் இவளோடு போன ரோமா, சின்ட்டி மக்கள் 245 பேர்.

அடுத்தது சொல். "சிந்தி" என்று எழுதாதீர்கள், பாகிஸ்தான் பக்கத்துச் சிந்தியாக நினைத்துக்கொள்வார்கள். சின்ட்டி என்று அழுத்தி எழுதுங்கள். ஜெர்மன் பேசும் பகுதிகளில் பல நூற்றாண்டாக இருப்பவர்கள் சின்ட்டி, கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு ரோமா என்று பொதுப்பெயர். "ரோமானியர்" வேண்டவே வேண்டாம். அது ரோமாபுரிக்காரர்களா, ருமேனியாக்காரர்களா என்று குழப்பும். மொழிபெயர்ப்புச் செயலி எல்லா இடத்திலும் அப்படித்தான் மாற்றி வைக்கும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் திருத்த வேண்டும். ஜிப்சி என்பது பழைய ஆவணத்தை மேற்கோள் காட்டும்போது மட்டும். நரிக்குறவர் என்பது தவறு. ரோமானி மொழியில் யெக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ச் என்று எண்ணுவார்கள். இந்திக்காரருக்குப் பாதி புரியும். வடமேற்கு இந்தியாவிலிருந்து சுமார் ஆயிரம் வருஷம் முன்னே போனவர்கள் அவர்கள். நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலி குஜராத்திக்குப் பக்கத்தில் வரும். தூரத்து மொழிக் குடும்ப உறவு உண்டு, ஒரே சனம் என்பதற்கு ஆதாரம் இல்லை.

படுகொலையின் பெயரை "பொராய்மோஸ்" என்று போடலாம், "விழுங்கியது" என்று அர்த்தம். சில ரோமானி வழக்குகளில் அந்தச் சொல் ஆபாசமாகக் கேட்பதால் பலர் "சமுதாரிபென்" என்பார்கள். "எல்லாரையும் கொன்றது".

வண்ணாரப்பேட்டை வக்கீல்

கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சி, அந்த ரிட்டர் கோப்பு எப்படி வெளிய வந்ததுன்னு சொல்லாம விட்டுட்டீங்களே. 1980 ஈஸ்டர் சமயத்துல 12 பேர் கொண்ட சின்ட்டிக் குழு டாகாவ் முகாம் வளாகத்துல உண்ணாவிரதம் இருந்தாங்க. அந்த முனிக் போலீஸ் அட்டைகள் எங்கேன்னு கேட்டு. சரியான பதில் இல்ல. 1981 செப்டம்பர் 1-ல ட்யூபிங்கன் பல்கலைக்கழக ஆவண அறைக்குள்ள சின்ட்டி இயக்கத்தார் நுழைஞ்சு உக்காந்துட்டாங்க. ரிட்டர் நிலையத்துத் தாள்கள் அங்க ஆராய்ச்சிப் பொருளா அலமாரியில இருந்தது! அன்னைக்கே கோப்லென்ஸ் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துக்கு மாத்த வெச்சாங்க. 1982 மார்ச் 17 அன்னைக்கு மேற்கு ஜெர்மன் சான்சலர் ஹெல்மூட் ஷ்மிட், இது இனக் காரணத்துக்காக நடந்த இனப்படுகொலைன்னு முதல்முறையா ஒத்துக்கிட்டார். கோனிக் மேல வழக்கு நகர்ந்தது அதுக்கப்புறம்தான்.

நாற்பது நிமிஷத்துக்கு இவ்வளவும் கொள்ளாது டீச்சர். ஓலெண்டார்ஃபைத் தூக்கிருங்க. ஹெல்லென்ரைனர் பாய்ஞ்சது, 1956 தீர்ப்பு, வாளி, ட்யூபிங்கன் அலமாரி, இந்த நாலும் போதும். 1956-ஐயும் 1963-ஐயும் ஒரே தாள்ல இடப்பக்கம் வலப்பக்கமா அடிச்சுக் கொடுங்க. தேதி, கேட்டது, கோர்ட் சொன்ன காரணம், எந்த நாள்ல இருந்து கணக்கு, இந்த நாலு வரி மட்டும்.

பொருநைக்கரை

சரிங்க தம்பி, ஓலெண்டார்ஃபை எடுத்துவிடுகிறேன். தாளை இன்று ராத்திரி அடித்து இங்கேயே போடுகிறேன். எழுத்துப் பிழையும் தேதிப் பிழையும் யாராவது ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். "சிந்தி"யைத் தலைப்பிலேயே தப்பாகப் போட்டு நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது, அதை முதலில் கிழிக்க வேண்டும்.